கிளிஞ்சல் பணம் சேகரிக்க: எந்தத் தீவிலிருந்து தொடங்கலாம்?

பசிபிக் தீவுகளின் கிளிஞ்சல் பணத்தைத் தேடி வருபவர்களில் பலர் பழைய நாணயம் சேர்த்தவர்கள். பழசு என்றால் மதிப்பு, புதுசு என்றால் போலி என்ற கணக்கோடு வருகிறார்கள். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. சாலமன் தீவுகளின் மலைட்டாவில் கல்யாணம் பேசப் போகிறவர்கள் இன்றைக்கும் கிளிஞ்சல் சரம் கொடுக்கிறார்கள். பப்புவா நியூ கினியின் கிழக்கு நியூ பிரிட்டனில் சாவு வீட்டில் இன்றைக்கும் கிளிஞ்சலை அளந்து பங்கு வைக்கிறார்கள். போன மாதம் கோத்த சரமும் அசல் பணம்தான். மாறாக, எங்கிருந்து வந்தது என்று தெரியாத நூறு வருடத்துத் துண்டு சட்டச் சிக்கலாக முடியலாம்.

ஆகவே எதை வாங்குவது என்று முடிவெடுக்கும்போது வயதைக் கடைசியில் வையுங்கள். முதலில் கேட்க வேண்டியவை வேறு. செய்தவரிடமே வாங்க முடியுமா? எந்த உயிரியின் ஓடு, பல், இறகு அதில் இருக்கிறது? எந்தத் தாளோடு அது நாட்டை விட்டு வெளியே வரும்? நம் வீட்டு அலமாரியில் அது பிழைக்குமா? இந்த நான்கிலும் தேறுவது மிகச் சில வகைகளே.

மலைட்டாவின் தஃபுலியே

முதல் பொருளாக எதை வாங்கலாம் என்றால் தயங்காமல் இதைச் சொல்லலாம். மலைட்டாவின் மேற்குக் கரையில், ஆவுக்கி நகரத்துக்குத் தெற்கே லங்காலங்கா காயல் இருக்கிறது. அங்குள்ளவர்களுக்குக் கிளிஞ்சல் பணம் செய்வது குலத்தொழில். வேலையில் பெரும்பகுதி பெண்களுடையது. பத்துச் சரங்களை இணையாகக் கட்டி, இடையிடையே சிறு குறுக்குச் சட்டம் போட்டு, நுனியில் துணியோ குஞ்சமோ வைத்தால் ஒரு தஃபுலியே. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும். அதைவிட நீளமானவையும் உண்டு.

விலையைத் தீர்மானிப்பது நிறம். சிவப்பு மணி ரோமு என்னும் சாமா இனச் சிப்பியிலிருந்து வருகிறது, அதுதான் உசத்தி. வெள்ளை கக்காண்டு, மலேசியாவில் கெராங் என்று தட்டில் வருகிற சிப்பியின் குடும்பம். கறுப்பு குரிலா, பேனாச் சிப்பி வகை. ரோமுவை மூழ்கித்தான் எடுக்க வேண்டும். உள்ளூரில் அது அருகிவிட்டதால் மற்ற மாகாணங்களிலிருந்தும் வாங்கிவருகிறார்கள். சிவப்பு எத்தனை அங்குலம் ஓடுகிறது என்று பார்த்தே உள்ளூர்க்காரர் பேரம் பேசுகிறார். நீங்களும் அதையே பாருங்கள்.

செய்முறை தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். ஓட்டைச் சுத்தியலால் உடைத்துச் சில்லாக்கி, ஓரத்தைத் தட்டித் தட்டி வட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கல்லில் தேய்த்து இரு முகத்தையும் சமப்படுத்துகிறார்கள். சிவப்புச் சில்லைச் சூடான கல்மேல் வைத்து வாட்டினால் வெளிர்ந்த ஆரஞ்சு நிறம் சிவப்பாக ஏறும். பிறகு துளை. பிறகு சரமாகக் கோத்து நீட்டிக் கட்டி, பள்ளம் வெட்டிய கல்லால் தண்ணீர்விட்டு முன்னும் பின்னும் உருட்டித் தேய்க்கிறார்கள்.

இதன் தடயம் பத்து மடங்கு லென்ஸில் அப்படியே தெரியும். சரத்தோடு சேர்த்துத் தேய்ப்பதால் அடுத்தடுத்த மணிகளின் விட்டம் ஒன்றாக இருக்கும். முகங்களைக் கையால் தேய்ப்பதால் தடிமன் மட்டும் மணிக்கு மணி மாறும். விட்டம், தடிமன் இரண்டுமே அச்சுப்போல ஒன்றாக இருந்தால் அது இயந்திர வேலை, பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் நகைச் சரம். துளையையும் பாருங்கள். கல்முனை வைத்த பம்ப் துளைப்பானால் இரு பக்கமும் துளைத்த பழைய மணியில் துளை உடுக்கைபோல நடுவில் ஒடுங்கும். எஃகு முனையால் போட்ட துளை நேராக ஓடும். நேரான துளை என்றால் போலி என்று அர்த்தமில்லை, புதிது என்று அர்த்தம். நேரான துளையுள்ள சரத்தை ‘நூறு வருடம் பழசு’ என்று விற்கிறவரிடமிருந்து மட்டும் நகர்ந்துவிடுங்கள்.

சாயமேற்றிய வெள்ளை மணியைச் சிவப்பாக விற்பதும் நடக்கிறது. அசல் ரோமுவில் நிறம் உள்ளே வரை இருக்கும். அதே மணியில் ஆரஞ்சும் வெளிர்சிவப்பும் கலந்து வரும். சாயம் துளையின் ஓரத்திலும் கீறலிலும் திட்டாகத் தங்கும். அமிலத்தைச் சொட்டி நுரை வருகிறதா என்று பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாச் சுண்ணாம்பு ஓடும் நுரைக்கும், சாயமேற்றியதும் நுரைக்கும். ஒன்றும் தெரியவராது, மணிதான் கெடும்.

சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவின் மத்தியச் சந்தையிலும் கழுத்தணி, காதணி அளவில் இந்த மணிகள் கிடைக்கும். அவை நகை, பணமாகக் கொடுக்கும் பத்துச் சர அமைப்பு அல்ல. நகையே போதும் என்றாலும் கேவலமில்லை, மணி ஒன்றுதான். ஆனால் சந்தையில் இரண்டு விஷயத்தைக் கண்டுகொள்ள வேண்டும். ஒன்று, சரத்தின் இடைச் சட்டம். முன்பு அதை ஆமையோட்டில் செய்தார்கள். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு, நடுவில் கோத்திருக்கும் பல். டால்பின் பல்லும் பழந்தின்னி வௌவால் பல்லும் மலைட்டாவில் அணிகலனாகவும் பணமாகவும் புழங்குபவை. அங்கே வைத்திருப்பது அவர்கள் வழக்கம். எல்லை தாண்டும்போது இரண்டும் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதி கேட்கும் பொருள்கள். டால்பின் பல்லை அமெரிக்காவுக்குள் கொண்டுபோகவே முடியாது.

தோலாய் மக்களின் தபு

கிழக்கு நியூ பிரிட்டனில் ரபாவுல், கோகோபோ சுற்றுவட்டாரத்துத் தோலாய் மக்களின் பணம் இது. நசேரியஸ் என்னும் விரல்நகத்தளவு நத்தைக்கூட்டின் முதுகை வெட்டி எடுத்துவிட்டு, பிளந்த பிரம்பு ஈர்க்கில் கோக்கிறார்கள். அளவு, இரு கைகளையும் விரித்த நீளம். அதற்குப் பெயர் போகோனோ. சில்லறை வேண்டுமானால் நீளத்தை ஒடித்துக் கொடுக்கிறார்கள். சந்தையில் வெற்றிலைபாக்கு வாங்கவும் செல்லும்.

சேகரிப்பவருக்கு இதில் பெரிய வசதி, போலி அரிது. இவ்வளவு மலிவான ஓட்டைப் போலிசெய்து யாருக்கும் லாபமில்லை. சங்கடம் பிரம்பில் இருக்கிறது. உலர்ந்த குளிர்சாதன அறையில் இரண்டு மூன்று வருடம் கிடந்தால் ஈர்க்கு மொறுமொறுவென்று ஒடியும். சுருட்டி வாங்கியதை நேராக்க முயன்றாலும் ஒடியும். வாங்கும்போது எந்த வளைவில் இருக்கிறதோ அதே வளைவில் வைத்துவிட வேண்டும்.

ஒன்றிரண்டு போகோனோ வாங்கலாம். லொலோய் என்னும் பெரிய வளையத்தை ஆசைப்படாதீர்கள். நூற்றுக்கணக்கான போகோனோ நீளச் சரத்தைச் சுருட்டி இலையால் பொதிந்து வைத்திருக்கும் ஒரு மனிதரின் வாழ்நாள் சேமிப்பு அது. அவர் இறந்ததும் வெட்டிப் பிரித்து வந்தவர்களுக்கெல்லாம் பங்கு கொடுப்பதற்காகவே சேர்த்தது. முழு லொலோய் ஒன்று விற்பனைக்கு வருகிறது என்றால், அந்தப் பங்கு நடக்காமலேயே போயிருக்கிறது என்று பொருள். புதிதாக அலங்காரத்துக்குக் கட்டியதாகவும் இருக்கலாம். அப்போது நடுவில் வைக்கோலோ கயிறோ திணித்திருக்கிறதா என்று எடையைப் பார்த்தாலே தெரியும்.

மலைநாட்டுக் கினா

பப்புவா நியூ கினியின் நாணயத்துக்கே 1975-இல் இந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். தங்க உதட்டு முத்துச்சிப்பியைப் பிறை வடிவில் வெட்டியது கினா. கடலே பார்க்காத மலைநாட்டில் அது பெரும் செல்வம், கைமாறிக் கைமாறி மேலே வந்து சேர்ந்தது. 1930-களில் தங்கம் தேடிப் போன ஆஸ்திரேலியர்கள் கூலிக்கும் உணவுக்கும் கொடுப்பதற்காக விமானத்தில் மூட்டை மூட்டையாகச் சிப்பிகளை இறக்கினார்கள். அரிதாக இருந்தது மலிந்தது. பிறகு காசு நோட்டு வந்ததும் மெல்ப்பா மக்களின் மோக்கா கொடைச் சடங்கில் சிப்பியின் இடம் கரைந்தது. சந்தையில் கினா தாராளமாகக் கிடைப்பதற்கு இதுதான் காரணம். குறைந்த விலைக்கு நல்ல கினா கிடைத்தால் சந்தேகப்பட வேண்டாம்.

முத்துச்சிப்பி சைட்டீஸ் பட்டியலில் இல்லை. தட்டையானது, உறுதியானது. சரம் அறுகிற கவலை இல்லை. மெல்ப்பா பகுதிக் கினாவைப் பிசின் பலகையில் பதித்துச் செம்மண் பூசி வைப்பார்கள். அழுக்கு என்று எண்ணி அந்தச் செம்மண்ணை ஈரத்துணியால் துடைத்தவர்கள் பாதி மதிப்பைத் துடைத்து எறிந்தவர்கள். ஒளி படும்படி சாய்த்து விளிம்பைப் பாருங்கள். பல கை புழங்கியதில் விளிம்பும் தொங்கவிடும் துளையும் மழுங்கியிருக்கும். புதிதாக வெட்டியதில் ரம்பத்தின் கோடு கூர்மையாகத் தெரியும்.

கினாவோடு சேர்த்து வாங்கத் தகுந்தது ஓமாக். மூங்கில் சிம்புகளை ஏணிபோல அடுக்கி ஆண்கள் மார்பில் தொங்கவிடுவது. ஒவ்வொரு சிம்பும் மோக்காவில் எட்டோ பத்தோ சிப்பி கொடுத்ததற்குக் கணக்கு. கிளிஞ்சலே இல்லாத கிளிஞ்சல் பணச் சான்று அது. வனவிலங்குச் சட்டத்தின் தொல்லையே இல்லை. இவ்வளவு நல்ல பொருளை ஏலத்தில் யாரும் சீந்துவதில்லை என்பது விந்தை.

மாசிம் பகுதியின் வளையும் மாலையும்

பப்புவா நியூ கினியின் மில்ன் பே மாகாணத் தீவுகளுக்கிடையே நடக்கும் கூலா என்னும் கொடைப் பரிமாற்ற வட்டத்தில் இரண்டு பொருள்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. சிவப்பு மணி மாலையான சௌலாவா கடிகார முள் திசையில் போகிறது. கூம்புச் சங்கை அறுத்த கைவளையான ம்வாலி எதிர்த்திசையில் வருகிறது. 1915-க்கும் 1918-க்கும் இடையில் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி எழுதியதால் உலகப் புகழ் பெற்றவை இவை. புகழ்தான் இங்கே பிரச்சினை. பெரிய ம்வாலிக்குப் பெயர் உண்டு, தரம் உண்டு, யார் யாரிடம் இருந்தது என்ற வரலாறு உண்டு. இன்று கையில் வைத்திருப்பவர் அதற்கு உரிமையாளர் அல்ல. வரவேண்டிய கூட்டாளிக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

கித்தோம் என்ற ஏற்பாடு ஒன்று உண்டு. ஒருவருக்கே முழு உரிமையான வளை அல்லது மாலை அது. அதை விற்க அவருக்கு உரிமை உண்டு. கித்தோமா என்று கேட்டு, ஆமென்று எழுதி வாங்காமல் பழைய ம்வாலியைத் தொடாதீர்கள். கேள்வியே புரியாதவர் இடைத்தரகர்.

ஆனால் புதிய மாலை வாங்கலாம். பாகி என்று அழைக்கப்படும் சிவப்பு மாலையை சூடெஸ்ட், ரோசல் தீவுகளில் செய்கிறார்கள். மாகாணத் தலைநகர் அலோடாவில் கிடைக்கும். மணி எவ்வளவு சிறிதும் மெல்லியதும் சிவப்புமாக இருக்கிறதோ அவ்வளவு உசத்தி. மலைட்டாச் சரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாகியின் மணி நயமானது, விலையும் அதற்கேற்றது. அழகை மட்டும் கணக்கில் எடுத்தால் பாகிக்குத்தான் ஓட்டு. அதன் கயிறும் ஒட்டுப் பொருள்களும் நுணுக்கமானவை, கைபட்டால் முதலில் அவைதான் போகும். அதனால் முதல் பொருளாக அதைச் சொல்ல மனம் வருவதில்லை.

செபிக்கின் தாலிப்புன்

பெரிய பச்சை டர்போ நத்தையின் கூடும், அதன்மேல் கட்டிய பின்னல் முகமும் சேர்ந்தது தாலிப்புன். பப்புவா நியூ கினியின் செபிக் பகுதிப் போய்க்கன் மக்கள் பெண் கொடுக்கல் வாங்கலில் பயன்படுத்தியது. பார்த்த உடனே பிடித்துப்போகும். அதனாலேயே சுற்றுலாக் கடைகளில் குவிகிறது. பழைய கூட்டில் புது முகம், புதுக் கூட்டில் புகையிட்ட முகம் என்று எல்லாச் சேர்க்கையும் வருகிறது. முகத்தைக் கூட்டோடு பிணைக்கும் கட்டைத் திருப்பிப் பாருங்கள். கட்டின் அடியிலும் மேலும் ஒரே நிறமாக இருந்தால் கருமை பூசியது. உண்மையான பழக்கத்தில் மேலே கறுத்து, கட்டின் மடிப்புக்குள் வெளிறியிருக்கும். ஐந்நூறு கிராமுக்கு மேல் எடை வரும் உருண்டையான பொருள். அஞ்சலில் உதடு உடைந்து வருவது சாதாரணம். இரண்டாம் ஆண்டில் யோசிக்கலாம்.

ராட்சதச் சிப்பி, ஆமையோடு, இறகு

சாலமன் தீவுகளில் உள்ள நியூ ஜார்ஜியாவின் பாக்கிஹா வளையம் நிலத்தடியில் புதைந்து உறைந்த ராட்சதச் சிப்பியில் அறுத்தது. விளிம்பில் ஓடும் மஞ்சள் ஆரஞ்சுக் கறைதான் அதன் பெருமை. நடுவில் துளையிட்டு, கொடியும் மணலும் கொண்டு உள்ளிருந்து அறுத்து எடுப்பார்கள். ஆகவே உள்வட்டம் ஒருபோதும் கச்சிதமான வட்டமாக இருக்காது, குறுக்குவெட்டும் இடத்துக்கு இடம் மாறும். லேத்தில் கடைந்த வளையங்கள் ஏராளமாகப் புழங்குகின்றன. காலிப்பரால் நான்கு இடத்தில் அளந்தால் அரை மில்லிமீட்டர்கூட மாறாது.

பாக்கிஹா அருமையான பொருள். ஆனால் ராட்சதச் சிப்பிக் குடும்பம் முழுவதும் 1985 முதல் சைட்டீஸ் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதி அனுமதி இல்லாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால் விமான நிலையத்திலேயே போய்விடும்.

கப்கப் என்னும் வெள்ளைத் தட்டு மார்பணியில் சிக்கல் இரட்டிப்பு. ராட்சதச் சிப்பித் தட்டின்மேல் ஆமையோட்டில் அறுத்த நுண்வேலைப்பாடு. அந்த ஆமையோடு அலுங்காமையினுடையது. அது முதல் பட்டியலில் இருக்கிறது, வியாபாரத்துக்காக எல்லை தாண்டிக் கொண்டுபோக வழியே இல்லை. பட்டியலில் சேரும் முன்பே எடுத்தது என்று அதிகாரி தரும் சான்றிதழ் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். விற்பவர் எழுதித் தரும் கடிதம் சான்றிதழ் ஆகாது.

சாலமன் தீவுகளைச் சேர்ந்த சாந்தா குரூஸ் தீவுகளின் தெவாவ் இறகுப் பணத்தை அருங்காட்சியகத்தில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பத்து மீட்டர் அளவுள்ள சுருளுக்குச் செந்நிறத் தேன்பறவைகள் முந்நூறு வரை பிடிக்க வேண்டியிருந்தது. சிவப்பு எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு மதிப்பு இறங்கும் என்பதால் துணிபோன்ற பட்டையில் பொதிந்து அடுப்புப் புகையில் வைத்துக் காத்தார்கள். பூச்சியும் வெளிச்சமும் தின்றதுபோக மிஞ்சியதுதான் சந்தைக்கு வருகிறது.

தாள் விஷயம்

பப்புவா நியூ கினியில் 1965-ஆம் ஆண்டின் தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1960-க்கு முன் செய்த பொருள்களும் சில வகைக் கிளிஞ்சல் செல்வங்களும் வெளியே போகத் தடை. சந்தேகமுள்ள எதையும் போர்ட் மோர்ஸ்பி தேசிய அருங்காட்சியகத்தில் காட்டி அனுமதித் தாள் வாங்க வேண்டும். அதாவது அங்கேயே ‘தாத்தா காலத்துக் கினா’ என்று ஒருவர் விற்றால், அவர் சொல்வது உண்மையாக இருந்தால்தான் உங்களுக்குச் சிக்கல். சாலமன் தீவுகளில் 1998-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின்கீழ் சைட்டீஸ் அனுமதி வருகிறது. நாட்டிலஸ் ஓடு பதித்த மரச்சிற்பத்தை அணிகலனோடு சேர்த்து வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். 2017 முதல் நாட்டிலஸும் இரண்டாம் பட்டியலில்.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்குமே சைட்டீஸ் உறுப்பு நாடுகள், எனவே இறக்கும் இடத்திலும் கேள்வி வரும். இந்தியாவில் சைட்டீஸுக்கு மேல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பச்சை டர்போ நத்தை சைட்டீஸில் இல்லாவிட்டாலும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் 2001-இல் சேர்ந்தது. 2022 திருத்தத்தில் பட்டியல்கள் மாற்றி அமைக்கப்பட்டதால் தாலிப்புன் வாங்கும் முன் புதுப் பட்டியலைப் புரட்டிவிடுங்கள். ஆஸ்திரேலியா வழியாகப் பறப்பவர்கள் கிளிஞ்சல், நார், விதை எதுவாக இருந்தாலும் அறிவித்துவிட வேண்டும். சுத்தமாக, உலர்ந்து, சதைத் துணுக்கு இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு ஏலத்தில் வாங்குபவர்களுக்கு இன்னொன்று. வேறு நாட்டிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய பண்பாட்டுப் பொருளை அந்த நாடு கேட்டால் பறிமுதல் செய்ய 1986-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. விலை கொடுத்தவர் என்பது பாதுகாப்பு அல்ல.

செய்தவரிடம் வாங்கும்போது ஒரு துண்டுத் தாளில் அவர் பெயர், ஊர், தேதி, எந்தச் சிப்பி, எத்தனை சரம், எவ்வளவு நீளம் என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். சரத்தைக் கையில் பிடித்தபடி ஒரு படமும் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். பிற்பாடு விற்க நேர்ந்தால் சரத்துக்குப் பாதி விலையென்றால் இந்தத் தாளுக்கு மீதிப் பாதி.

வீட்டில் வைப்பது

கிளிஞ்சலுக்கு முதல் எதிரி மர அலமாரி. ஓக், பிளைவுட், எம்டிஎஃப் பலகைகளும் சாதா அட்டைப்பெட்டியும் அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவியை விடுகின்றன. அது ஓட்டின் சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும். இதற்கு பைன்ஸ் நோய் என்று பெயர், ஆனால் தொற்றுவதில்லை. ஒரே பெட்டியில் எல்லாம் கெடுவதற்குக் காரணம் பெட்டிதான். பூத்ததைத் துடைக்கலாம், அரித்த மேற்பரப்பு திரும்பாது. வண்ணம் சுட்ட எஃகு அலமாரி, பாலிப்ரொப்பிலீன் டப்பா, அமிலமற்ற தாள் போதும். பிவிசி உறை வேண்டாம். ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருந்தால் பிரம்பும் ஓடும் இரண்டும் தாங்கும். கடலோர ஊர்களில் சிலிக்கா ஜெல் போடுபவர்கள் தபுவோடு மட்டும் அளவாகப் போட வேண்டும். அதிகம் உலர்ந்தால் ஈர்க்கு ஒடியும்.

வினிகர், ப்ளீச், எண்ணெய் எதுவும் படக்கூடாது. மென்மையான தூரிகை போதும். நார், இறகு உள்ளவற்றில் பூச்சி தெரிந்தால் பாலித்தீனில் காற்றுப்போகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்ததும் ஒரு நாள் கட்டைப் பிரிக்காமல் விடுங்கள். பிரித்தால் ஓட்டின்மேல் வியர்க்கும். கினாவைப் பிசின் பலகையோடு உறையவைக்க வேண்டாம், பிசின் விரிசல் விடும்.

சரம் அறுந்தால் உடனே புதுநூலில் கோக்காதீர்கள். முதலில் படம், பிறகு விழுந்த வரிசையிலேயே தற்காலிகப் பாலியஸ்டர் நூலில் மணிகளை ஏற்றிப் பழைய நூலைத் தனி உறையில் வையுங்கள். எந்த நார், எப்படி முறுக்கியது என்பதுதான் ஊரைச் சொல்லும் அடையாளம். பழைய அருங்காட்சியகத் தொகுப்பிலிருந்து வந்த துண்டை நைட்ரைல் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். பூச்சி வராமலிருக்க ஆர்செனிக், பாதரச உப்புகளைத் தடவும் வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. இறகிலும் நாரிலும் அது இன்னமும் ஒட்டியிருக்கும்.